காயப்பட்டோரைச் சுமந்த காந்தியடிகள்



போர்வீரன் என்றதும் உங்கள் மனக்கண் முன் வருபவன் யார்? தோளிலே துப்பாக்கியோடு எதிரியை நோக்கிப் பாய்கிறவன் அல்லவா? சிலைகளும் வரலாற்று நூல்களும் அவனையே நமக்குக் காட்டி வந்திருக்கின்றன. ஆனால் அதே போர்க்களத்துக்குள், அதே குண்டுகளுக்கு நடுவே, கையில் ஒரு தடியேனும் இல்லாமல் செல்கிற வேறொருவனும் உண்டு. இரண்டு கம்புகளும் அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய முரட்டுத் துணியும்தான் அவனுடைய கருவி. ஸ்ட்ரெச்சர் என்று எல்லாரும் சொல்லும் தூக்குப்படுக்கை அது. விழுந்து கிடப்பவனைத் தேடிப் போய், அதில் கிடத்தி, தூக்கிக்கொண்டு திரும்புவதே அவன் வேலை. சுடுகிறவன் பதுங்கிக்கொள்ளலாம், படுத்துக்கொள்ளலாம். இவனுக்கு அதுவும் இயலாது. இரு கைகளும் சுமையோடு பிணைந்திருக்க, நிமிர்ந்தே நடக்க வேண்டும்.

நிலாவெளி வீதியால் போகும்போது அங்குள்ள யுத்த சேமக்காலையை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்ட வீரர்களின் பெயர்கள் அங்கே வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அது முறையானதே. ஆனால் காயப்பட்டோரை அந்தக் களங்களிலிருந்து தூக்கி வந்த கைகளுக்கு யார் பெயர் எழுதுகிறார்கள்? இந்த வாரம் அத்தகைய ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம். அவர் உங்களுக்கு அறிமுகமில்லாதவர் அல்லர். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பதே அவர் பெயர். அவரை இராட்டையோடும் கைத்தடியோடும் பார்த்துப் பழகிய நாம், இராணுவச் சீருடையில் காயப்பட்டோரைச் சுமந்தவராக அதிகம் நினைப்பதில்லை. அவரோடு சேர்ந்து சுமந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் நம்மைப் போலத் தமிழ் பேசியவர்கள் என்பதையும் நாம் மறந்துவிட்டோம்.

நோயாளியின் அருகே

காந்தி 1869 ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். பள்ளியில் படித்த காலத்திலேயே நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. படுக்கையில் கிடந்த தந்தையின் புண்ணைக் கழுவுவதும், மருந்து கலந்து கொடுப்பதும், இரவில் கால்களைப் பிடித்துவிடுவதும் அவர் வேலையாயிருந்தது. ஆயினும் தந்தை உயிர்விட்ட நேரத்தில் அவர் அருகில் இருக்கவில்லை. சற்று முன்னர்தான் எழுந்து தம் அறைக்குப் போயிருந்தார். அந்தச் சிறு விலகல் வாழ்நாள் முழுவதும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. துன்புறுவோரின் படுக்கையை விட்டு அவர் பின்னாளில் அகலாமல் நின்றதற்கு இந்த உறுத்தலும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம் அல்லவா?

லண்டனில் சட்டம் படித்து, 1893இல் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாபிரிக்காவின் நேட்டால் குடியேற்ற நாட்டுக்கு அவர் வந்து சேர்ந்தார். முதல் வகுப்பு ரயில் பெட்டியிலிருந்து நிறத்தின் பெயரால் வெளியே தள்ளப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். தெரியாத கதை ஒன்றைச் சொல்கிறோம்.

டேர்பன் நகரில் அவர் வழக்கறிஞராக அமர்ந்த சில மாதங்களில், பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவருடைய அலுவலகத்துக்குள் வந்தார். உடை கிழிந்திருந்தது. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. வேலை வாங்கிய வெள்ளைக்கார எசமான் அடித்த அடி அது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றார். ஒப்பந்தக் கூலி ஒருவன் எசமானர் முன் தலைப்பாகையோடு நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். காந்தி முதலில் செய்தது, அந்தத் தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னதுதான். பிறகு மருத்துவரிடம் அனுப்பிச் சான்றுபெற்று, நீதிபதியிடம் கொண்டுபோய், அவரை வேறு எசமானிடம் மாற்றிவிட்டார். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. சென்னைவரையிலும் எட்டியது.

அந்தத் தோட்டத் தொழிலாளர் யார்? 1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் டேர்பனைச் சேர்ந்தது முதல் 1911 வரையில், 1,52,000க்கு மேற்பட்ட இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். அந்த முதற் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தனர். யாழ்ப்பாணத்தில் நம் மூதாதையருக்கு விசுவாசம் ஊட்டிய அதே அமலமரித் தியாகிகள் சபையின் குருக்களே டேர்பனிலும் அவர்களைக் கவனித்துக்கொண்டனர். மலையகத்துக்கு வந்த நம் சகோதரரின் கதையும் அவர்களின் கதையும் ஒரே கொடியில் காய்த்த இரு காய்கள் எனலாம்.

டேர்பனில் பூத் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் மருத்துவராகவும் இருந்தார். ஏழைகளுக்கான சிறு மருத்துவமனை ஒன்றை அவர் நடத்தினார். பார்சி வணிகர் ருஸ்தம்ஜி அதற்குப் பொருளுதவி செய்தார். காந்தி தம் வழக்கறிஞர் வேலைக்கு நடுவே, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அங்கே மருந்து கலந்து கொடுக்கும் உதவியாளராக நின்றார். அங்கு வந்த நோயாளிகள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளரே. பின்னாளில் போர்க்களத்தில் அவருக்குக் கைகொடுத்த பயிற்சி இங்கேதான் தொடங்கியது.

மறுக்கப்பட்ட உதவி

1899 ஒக்டோபர் 11ஆம் திகதி தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர் எனப்படும் ஒல்லாந்த வழிவந்த குடியேறிகளுக்கும் போர் மூண்டது. அந்தப் போரில் சிறைப்பட்ட போயர் வீரர்களில் ஏறக்குறைய 5,000 பேரை 1900 முதல் நம் இலங்கைக்குக் கொண்டுவந்து, தியத்தலாவையிலும் பிற இடங்களிலும் அடைத்து வைத்திருந்தார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியோர் வழியாகக் கேட்டிருப்பீர்கள்.

இந்தப் போரில் காந்தியின் உள்ளம் போயர் பக்கமே சாய்ந்திருந்தது. தம் சுதந்திரத்துக்காகப் போராடிய சிறு கூட்டம் அல்லவா அவர்கள்? ஆயினும் பிரித்தானியப் பிரசைகள் என்ற முறையில் உரிமை கேட்கிற நாம், பிரசைகளுக்குரிய கடமையையும் செய்ய வேண்டும் என்று அவர் கருதினார். ஆயுதம் எடுக்கப் பயிற்சி இல்லை. காயப்பட்டோரைத் தூக்க மாட்டோமா? இந்தியர் பணத்துக்காகவே வந்தவர்கள், ஆபத்தென்றால் ஓடி ஒளிவார்கள் என்ற வெள்ளையரின் ஏளனமும் அவர் நெஞ்சைச் சுட்டது.

அவரும் நண்பர்களும் பூத் அடிகளிடம் முதலுதவி கற்றார்கள். உடல் தகுதிச் சான்று பெற்றார்கள். அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். நன்றி, இப்போது தேவையில்லை என்ற பொருளில் பதில் வந்தது. அவர்கள் மனம் தளரவில்லை. டிசெம்பர் மாதம் வந்தபோது நிலைமை மாறியது. போயர் படை லேடிஸ்மித் நகரை முற்றுகையிட்டிருந்தது. அதை மீட்கத் தளபதி புல்லர் பெரும் தாக்குதலுக்கு ஆயத்தமானார். காயப்படப் போகிறவர்களைத் தூக்க ஆள் இல்லை. மறுத்தவர்களே அப்போது அழைத்தார்கள்.

இந்திய அம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர் சேர்ந்தனர். அவர்களுள் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். நேட்டாலிலே பிறந்த கிறிஸ்தவ இளைஞர் பலர் அவர்களில் இருந்தனர். மற்ற 800 பேரும் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர். தலைவர்களாய் நின்ற நாற்பது பேர்வரை சம்பளம் இன்றி உழைத்தனர். பூத் அடிகளும் உடன் சென்றார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், தமிழர், குஜராத்தியர் என்ற பிரிவுகள் ஒரே கூடாரத்தின் கீழ் மங்கிப் போயின.

ஒரு நீரோடையின் கரையில்

1899 டிசெம்பர் 15ஆம் திகதி கொலென்சோ என்ற இடத்தில் ஆங்கிலப் படை படுதோல்வி கண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டும் காயப்பட்டும் சிறைபிடிக்கப்பட்டும் போயினர். இறந்தோருள் தலைமைத் தளபதி ரொபேட்ஸ் பிரபுவின் ஒரே மகனும் ஒருவர். பீரங்கிகளை மீட்கப் போய்க் காயமுற்ற அந்த இளைஞரின் உடலைச் சுமக்கும் பொறுப்பு இந்தியப் படைக்குக் கிடைத்தது. கூலிகள் என்று இகழப்பட்டவர்களின் தோளில் ஒரு பிரபுவின் மகன் போனான்.

அந்த வழியில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றைக் காந்தி தம் சுயசரிதையில் பதிந்து வைத்திருக்கிறார். அன்று கடும் வெயில். எல்லாருக்கும் தாங்க முடியாத தாகம். வழியில் மெல்லிய நீரோடை ஒன்று. முதலில் யார் குடிப்பது? வெள்ளைச் சிப்பாய்கள் குடித்து முடியட்டும் என்று இந்தியர் ஒதுங்கி நின்றார்கள். சிப்பாய்களோ இந்தியர்தான் முதலில் குடிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். சற்று நேரம் விட்டுக்கொடுப்பதிலே ஒரு போட்டி நடந்தது. டேர்பன் நகரத்து நடைபாதையில் இவர்களை ஒதுக்கித் தள்ளும் அதே இனத்தவர்! துன்பத்தைச் சேர்ந்து சுமந்தவர்களுக்கிடையே மதில்கள் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஸ்பியோன் கொப் மலையடியில்

இந்தியப் படையைச் சேர்க்கும்போது ஒரு நிபந்தனை இருந்தது. துப்பாக்கிச் சூட்டின் எல்லைக்கு வெளியே மட்டும் அவர்கள் வேலை செய்வார்கள் என்பதே அது. 1900 ஜனவரியில் அந்த நிபந்தனைக்குச் சோதனை வந்தது.

ஜனவரி 23ஆம் திகதி இரவு ஆங்கிலப் படை ஸ்பியோன் கொப் என்ற மலையில் ஏறிற்று. இருளும் பனிமூட்டமும் சூழ்ந்திருந்தன. உச்சியில் நிலம் பாறையாய் இருந்தபடியால் ஆழமாய்ப் பதுங்கு குழி வெட்ட முடியவில்லை. விடிந்து மூட்டம் கலைந்தபோதுதான் தாங்கள் மூன்று பக்கமும் போயர் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் நேரே நிற்பதை அவர்கள் கண்டார்கள். பகல் முழுவதும் அந்தச் சிறு மேட்டின் மேல் குண்டு பொழிந்தது. ஆங்கிலேயர் தரப்பில் மாத்திரம் 240க்கு மேற்பட்டோர் மாண்டனர். படைத்தலைவர் வூட்கேட் படுகாயம் அடைந்தார். அன்று வெட்டிய அந்த ஆழமற்ற குழியே இறந்தவர்களுக்குப் புதைகுழியாயிற்று.

மலைச்சரிவில் காயப்பட்டோர் குவிந்து கிடந்தனர். எல்லைக்குள் வர வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, வருவீர்களானால் அரசு நன்றியுள்ளதாயிருக்கும் என்று இந்தியப் படைக்குச் செய்தி வந்தது. மறுத்திருக்கலாம். ஒப்பந்தம் அவர்கள் பக்கம் இருந்தது. அவர்கள் போனார்கள்.

வாசகரே, தூக்குப்படுக்கை தூக்குவது வெறும் பலத்தினால் ஆகும் காரியம் என்று எண்ணாதீர்கள். முன்னால் பிடிப்பவனும் பின்னால் பிடிப்பவனும் ஒரே காலை எடுத்து வைத்து நடந்தால் படுக்கை ஊஞ்சல்போல் ஆடும். ஆகவே ஒருவன் வலக்காலை வைக்கும்போது மற்றவன் இடக்காலை வைக்கப் பழக வேண்டும். எலும்பு முறிந்தவனை அதிரவிட்டால் முறிந்த முனை உள்ளே இரத்தக் குழாயை அறுத்துவிடும். சரிவில் இறங்கும்போது காயப்பட்டவன் வழுக்கி விழாதபடி இரு முனையையும் மட்டமாய்ப் பிடிக்க வேண்டும். அவன் வலியால் அலறுவான், தண்ணீர் கேட்பான், தாயை அழைப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மைல் கணக்காய் நடக்க வேண்டும்.

கல்லும் குழியுமான பாதையில் மாட்டு வண்டியின் குலுக்கலைத் தாங்கமாட்டாத நிலையில் இருந்தவர்களை, முன்னணி மருத்துவ முகாமிலிருந்து ரயில் நிலையம்வரை கையாலேயே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல்! வெயில் கொளுத்தும் தென்னாபிரிக்க ஜனவரியில், சுமையோடு! படைத்தலைவர் வூட்கேட்டும் அப்படித்தான் சுமக்கப்பட்டார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன தமிழ்க் கைகள் அந்தக் கம்புகளைப் பிடித்திருந்தன.

அன்று அந்த மலையைச் சுற்றி இன்னும் இருவர் இருந்தனர். ஆங்கிலேயர் பக்கத்தில் செய்திகளைக் கொண்டு மேலும் கீழும் ஓடிய வின்ஸ்டன் சர்ச்சில் ஒருவர். போயர் படையை நடத்திய லூயிஸ் போத்தா மற்றவர். சர்ச்சில் பிரித்தானியப் பிரதமரானார். போத்தா தென்னாபிரிக்க ஒன்றியத்தின் முதற் பிரதமரானார். காயப்பட்டோரைத் தூக்கிய மனிதரோ எந்த ஆட்சிப் பதவியும் ஏற்கவில்லை.

பதக்கமும் பாராட்டும்

ஆறு வாரப் பணிக்குப் பின் படை கலைக்கப்பட்டது. தளபதி புல்லர் தம் அறிக்கையில் அவர்களைப் பாராட்டினார். ஏளனம் செய்த நேட்டால் பத்திரிகைகளும் புகழ்ந்தன. தலைவர்களுள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. அந்த 800 தொழிலாளருக்கு? அவர்கள் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்க் கரும்பு வெட்டினார்கள். அவர்கள் எல்லாரும் தம் விருப்பப்படி களத்துக்கு வந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் தியானிக்கும் சீரேனே ஊர்ச் சீமோனும் விரும்பி வந்தவர் அல்லரே! வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தித்தான் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். ஆயினும் அவர் சுமந்த சுமை உண்மையானது. ஆண்டவரின் தோள் அந்த அளவுக்கு இளைப்பாறியது. பெயர் தெரியாத அந்தத் தமிழரையும் அப்படியே நினைப்போம்.

கடமையைச் செய்தால் உரிமை கிடைக்கும் என்று காந்தி எதிர்பார்த்தார் என்று சொன்னோம் அல்லவா? 1902இல் போர் முடிந்தது. உரிமை கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மேல் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விதிக்கப்பட்ட மூன்று பவுண் தலைவரி நீக்கப்படவில்லை. செய்த சேவையை விலையாகக் கொடுத்து நீதியை வாங்க முடியாது என்ற கசப்பான பாடத்தை அவர் கற்றார். ஆனால் அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இன்னும் காத்திருந்தது.

கசையடிப் புண்கள்

1906ஆம் ஆண்டு நேட்டாலில் புதிய தலைவரி ஒன்றை எதிர்த்துச் சூலு மக்களில் ஒரு பகுதியினர் பம்பாட்டா என்ற தலைவனின் கீழ்க் கிளர்ந்தெழுந்தனர். அரசு அதைக் கடுமையாக அடக்கிற்று. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆபிரிக்கர் கொல்லப்பட்டனர். காந்தி மீண்டும் தூக்குப்படுக்கைப் படை ஒன்றைத் திரட்டினார். இம்முறை 24 பேர் மாத்திரமே. நால்வர் குஜராத்தியர், ஒருவர் பத்தான், ஏனையோர் அனைவரும் ஒப்பந்தம் முடிந்து விடுதலையான தென்னிந்தியத் தொழிலாளர். காந்திக்குச் சார்ஜன்ட் மேஜர் என்ற தற்காலிகப் பதவி கொடுக்கப்பட்டது.

களத்துக்குப் போனபோதுதான் உண்மை விளங்கியது. அது போராக இருக்கவில்லை, மனித வேட்டையாக இருந்தது. அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் களத்தில் காயப்பட்டவர்கள் அல்லர். சந்தேகத்தின் பேரில் பிடித்துக் கசையால் அடிக்கப்பட்ட சூலுக்கள் அவர்கள். நாட்கணக்கில் கவனிப்பாரற்று அவர்களின் முதுகுப் புண்கள் அழுகியிருந்தன. வெள்ளையர் அவர்களுக்குப் பணிவிடை செய்ய விரும்பவில்லை. வேலிக்கு வெளியே நின்ற சிப்பாய்கள் இந்தியரைத் தடுக்கப் பார்த்தனர். அவர்கள் கேளாதபோது ஏசினர். காந்தியும் அந்தத் தமிழரும் அந்தப் புண்களைக் கழுவிக் கட்டினார்கள். மொழி புரியாத நோயாளிகள் கண்களாலும் கைகளாலும் நன்றி சொன்னார்கள்.

நல்ல சமாரியனின் உவமையை இங்கே நீங்களே நினைத்துக்கொள்வீர்கள். ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். காந்தி அங்கே போனது சமாரியனாக அல்ல. அடித்தவர்களின் சீருடையை அணிந்துகொண்டுதான் போனார். அந்நாட்களில் ஆபிரிக்கரைக் குறித்து அவர் எழுதியவற்றில் இன்று நம்மை வருத்தும் சொற்கள் உண்டு. அதன் பொருட்டு 2018இல் கானா நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அவருடைய சிலை அகற்றப்பட்டது. மகான்களும் பிறக்கும்போதே மகான்களாய்ப் பிறப்பதில்லை. அந்தப் புண்களின் அருகே மண்டியிட்ட நாட்கள் அவரை மாற்றத் தொடங்கின.

ஆளரவமற்ற மலைகளிடையே, சில நாட்களில் நாற்பது மைல்வரை நடந்த அந்த நெடும் நடையில் அவர் ஆழ்ந்து சிந்தித்தார். தன் வீடு, தன் பிள்ளை, தன் தொழில் என்று பிரிந்து கிடக்கும் வாழ்வினால் மனிதருக்கு முழுமையாய்ப் பணி செய்ய முடியாது என்று கண்டார். ஒறுத்தல் வாழ்வுக்கும் எளிமைக்கும் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஜூலையில் படை கலைந்தது. செப்டெம்பர் 11ஆம் திகதி, ஜொகனஸ்பேர்க்கில் எம்பயர் நாடகக் கொட்டகையில், ஆசியரைக் குற்றவாளிகள்போல் பதிவு செய்யும் சட்டத்துக்குப் பணிவதில்லை, அதனால் வரும் துன்பத்தை ஏற்போம், திருப்பி அடிப்பதில்லை என்று மூவாயிரம் பேர்வரை கடவுளைச் சாட்சியாக வைத்து உறுதி எடுத்தார்கள். உலகம் பின்னர் சத்தியாக்கிரகம் என்று அறிந்த போராட்டம் அன்று பிறந்தது.

இரண்டு மாத இடைவெளிதான், பாருங்கள்! குண்டுக்குள் நிமிர்ந்து நடப்பவனின் துணிவையும், எதிர்த்துச் சுடாத கையையும், அடிபட்டவன் எவனாயினும் அவன் மனிதன் என்ற பார்வையையும் ஒன்று சேர்த்தால் கிடைப்பது சத்தியாக்கிரகம் அல்லவா? தூக்குப்படுக்கையின் கம்பைப் பிடித்த கைதான் அதைக் கண்டுபிடித்தது.

தமிழர் கொடுத்த விலை

அந்தப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் தமிழர். 1913இல் மூன்று பவுண் வரியை எதிர்த்து ஆயிரக்கணக்கான சுரங்க, தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்தி நடந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையாகி, 1914 பெப்ரவரி 22ஆம் திகதி பதினாறு வயதில் உயிர் நீத்தார். அதே ஆண்டில் அந்த வரி ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு இந்தியா திரும்பிய காந்தி தில்லையாடிக்குச் சென்று அந்த மண்ணை வணங்கினார்.

அவர் வாழ்வு நேர்கோடாய்ச் சென்றது என்று நாம் சொல்லமாட்டோம். 1914இல் பிரித்தானியா முதல் உலகப் போரில் சேர்ந்த இரண்டு நாட்களில் லண்டனில் இறங்கியவர், அங்கும் காயப்பட்டோருக்கான உதவிப் படை ஒன்றைத் திரட்டினார். 1918இல் பிரித்தானியப் படைக்கு ஆள் சேர்க்கக் கிராமம் கிராமமாய் நடந்தார். அகிம்சையைப் போதித்தவர் அப்படிச் செய்யலாமா என்று நண்பர்களே கேட்டார்கள். ஆனால் 1920 ஓகஸ்ட் முதலாம் திகதி, தென்னாபிரிக்கப் போர்ப் பதக்கத்தையும் சூலுப் போர்ப் பதக்கத்தையும் அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அநீதி செய்யும் அரசின் கௌரவத்தை அணிய அவர் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

1927 நவம்பரில் அவர் இலங்கைக்கும் வந்து, கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் மக்களைச் சந்தித்தார். 1931 டிசெம்பரில் உரோமாபுரியில் வத்திக்கான் சிற்றாலயத்தில் சிலுவையில் தொங்கும் நம் ஆண்டவரின் உருவத்தின் முன் நின்றபோது அவர் கண்கள் கலங்கின. ஞானஸ்நானம் பெறாத அந்த மனிதருக்கு அந்த உருவம் ஏன் அப்படி நெஞ்சைத் தொட்டது? அடித்தவனை அடிக்காமல் பிறர் சுமையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவரை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1948 ஜனவரி 30ஆம் திகதி மாலை, டில்லியில் பிரார்த்தனைக்குப் போகும் வழியில், துப்பாக்கிக் குண்டுக்கு அவரே இரையானார்.

நமக்கு என்ன?

வாசகர்களே, இது தொலைதேசத்துக் கதை என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். நம் துறைமுகம் இதை அறியும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைமேல் குண்டு பொழிந்தன. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கியபோது, நீரில் தத்தளித்த ஏறக்குறைய 600 பேரை ஆயுதமற்ற மருத்துவக் கப்பலான வீட்டா தூக்கி எடுத்தது. 2009 பெப்ரவரி முதல் மே வரை, வன்னிக் கரையில் காயப்பட்டுக் கிடந்த ஆயிரக்கணக்கானோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் கரையில் கப்பல்வரை அவர்களைச் சுமந்தவர்கள் யார்? சாரத்தையும் சேலையையும் கம்பில் கட்டித் தூக்கியவர்கள், கதவுப் பலகையில் கிடத்தி ஓடியவர்கள், தம் பிள்ளையை விட்டுவிட்டு அயலான் பிள்ளையைத் தோளில் போட்டவர்கள். அவர்களுக்கு எந்த அரசும் எந்த இயக்கமும் பதக்கம் கொடுக்கவில்லை. அவர்களில் சிலர் இன்று உங்கள் பங்கில், உங்கள் பக்கத்து வாங்கில் அமர்ந்து திருப்பலி காண்கிறவர்களாயிருக்கலாம்.

1859இல் இத்தாலியின் சொல்பெரினோ போர்க்களத்தின் அருகேயிருந்த காஸ்திலியோனே ஊரின் கத்தோலிக்கப் பெண்கள், தங்கள் கோவிலில் கிடத்தப்பட்ட காயப்பட்டோரை நண்பர், பகைவர் என்று பாராமல் பேணினார்கள். அதைக் கண்ட ஹென்றி டுனான்ட் மனதில்தான் செஞ்சிலுவைச் சங்கத்தின் எண்ணம் பிறந்தது. அந்தப் பெண்கள் நம் தாய்மாரைப் போன்ற சாதாரணக் குடும்பப் பெண்களே.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வீரக் கதை கேட்கும் உங்கள் பிள்ளைகளுக்கு, சுட்டவனின் கதையோடு சுமந்தவனின் கதையையும் சொல்லுங்கள். பாடசாலையில் முதலுதவிப் பயிற்சி நடந்தால், பரீட்சைக்கு உதவாது என்று தடுக்காமல் அனுப்பி வையுங்கள். யுத்த காலத்தில் யாரையேனும் சுமந்தவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், அவர் அருகே அமர்ந்து அந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால், ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, சும்மா கூட இருங்கள். பிறர் சுமைகளைச் சுமந்தவர்களின் சுமையைச் சுமக்கவும் யாராவது வேண்டும் அல்லவா?